நெடிக்காரம்மா மன்னவனூருக்குப் போனது

கந்தம்மாளுக்குக் கொடைக்கானலில் அந்தப் பெயர் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. பழனியிலிருந்து புருஷனோடு மலையேறி வந்து நாயுடுபுரத்தில் குடித்தனம் வைத்த இரண்டாவது சீசனிலேயே ஊர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு 'நெடிக்காரம்மா' என்று வைத்துவிட்டது. முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு வேறு யாராவது கந்தம்மா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவே மறந்துபோனாள்.

புருஷன் வேலுச்சாமிக்குப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற தொழில். நாடு சுதந்திரம் வாங்கி ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. ஓட்டல்களிலும் பங்களாக்களிலும் பள்ளிக்கூட விடுதிகளிலும் பித்தளை அண்டாவுக்குப் பஞ்சமில்லை. அவன் பாத்திரத்தை நெருப்பில் காட்டிச் சூடேற்றி உள்ளே நவச்சாரப் பொடியைத் தூவுவான். குப்பென்று வெள்ளைப் புகை கிளம்பும், அழுக்கெல்லாம் விட்டுப்போகும். அந்தச் சூட்டிலேயே ஈயத்தைத் தொட்டுப் பஞ்சால் ஒரு தேய்ப்புத் தேய்ப்பான். கந்தம்மாள் துருத்தி ஊதிக்கொடுப்பாள். துருத்தி ஊதாத நேரமெல்லாம் வெற்றிலை போடுவாள். ஆகவே அவள் இடுப்புச் சுருக்குப்பையில் எப்போதும் இரண்டு சாமான்கள் இருக்கும். ஒன்று புருஷனுடைய நவச்சாரக் கட்டி, இன்னொன்று தன்னுடைய சுண்ணாம்பு டப்பி.

நவச்சாரத்தைத் தனியாக முகர்ந்தால் ஒன்றும் இராது. சுண்ணாம்பும் அப்படித்தான், பரம சாது. இரண்டையும் உள்ளங்கையில் போட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கட்டைவிரலால் கசக்கினால் மட்டும் ஒரு நெடி கிளம்பும் பாருங்கள், மூக்கின் வழியே ஏறி உச்சந்தலையைத் தட்டிவிட்டுத்தான் இறங்கும். மயக்கத்துக்கு இதை மோந்து பார்க்க வைப்பது பழனிப் பக்கத்தில் பல வீடுகளில் தெரிந்த வைத்தியம்தான். கந்தம்மாள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. அதைச் செய்ய வேண்டிய இடத்தில் அவள் இருந்தாள், அவ்வளவுதான்.

அந்த இடம் பஸ் ஸ்டாண்டு. வத்தலக்குண்டிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறிவரும் பஸ், இறங்குகிறவர்களில் பாதிப் பேரை வாந்தியும் மீதிப் பேரைத் தலைசுற்றலுமாகத்தான் கொண்டுவந்து சேர்க்கும். படியில் கால் வைத்ததுமே சரிகிறவர்கள் உண்டு. கண்டக்டர் ஞானவேல் பஸ்ஸை நிறுத்துவதற்கு முன்பே, "நெடிக்காரம்மாவ வரச் சொல்லு!" என்று கத்துவான். அவளும் கையைக் கசக்கிக்கொண்டே ஓடுவாள். கசக்கிய கையோடு நின்று ஊர்க்கதை பேசினால் நெடி பறந்துவிடும் என்பதால் அந்த ஓட்டம்.

ஆஸ்பத்திரி கம்பவுண்டர் ஒருநாள் அவள் கையை முகர்ந்து பார்த்துக் கண்ணீர் விட்டுவிட்டு, "இது அமோனியா கேஸ்மா. எங்ககிட்ட பாட்டில்லயே இருக்கு" என்றார்.

"அமோனியாவோ அம்மணியோ, உங்க அம்மணி பாட்டிலுக்குள்ள கெடக்கா. எங்க அம்மணி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வாரா" என்றாள் கந்தம்மாள். வாய் மட்டும் யாருக்கும் குறைந்ததில்லை.

நிஜ மயக்கத்தைத் தெளிவிப்பது மட்டும் என்றால் இந்தக் கதையே இல்லை. பொய் மயக்கமும் அவள் கையில் மாட்டியது. எந்த நடிகனாலும் அந்த நெடியை மூக்கில் வாங்கிக்கொண்டு சும்மா கிடக்க முடியாது. ஒரு பங்களாவில் துரைசானியின் பீங்கான் தட்டுகளை மொத்தமாகப் போட்டு உடைத்த சமையல்காரன் பயத்தில் மயங்கி விழுந்தான். கந்தம்மாள் கையை நீட்டினாள். அவன் எழுந்த வேகத்தில் ஏரிக்கரை வரைக்கும் ஓடித்தான் நின்றான். "நடிப்பு!" என்று அவள் உரக்கச் சொன்னாள். அப்படிச் சொல்வதில் அவளுக்கு ஒரு குஷி இருந்ததை மறைப்பதற்கில்லை. ஊருக்கு அவள் மூக்கை நுழைக்கிறவள் அல்ல, அடுத்தவர் மூக்குக்குள்ளேயே நுழைகிறவள். பேய் பிடித்தது என்றாலும் அவளுக்கு ஆள் வரும். சாமி வந்தவர்களிடம் மட்டும் கையை நீட்ட மாட்டாள். அந்த வம்பு எனக்கு வேண்டாம் என்பாள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் தை மாதத்தில் மன்னவனூரிலிருந்து ஆள் வந்தது. பூண்டும் கிழங்கும் விளைகிற மேல்மலைக் கிராமம். மழையில்லாத மாதங்களில் கிழங்கு ஏற்றப் போகிற லாரியில்தான் போக வேண்டும். குளிர் எலும்பைத் தொடும். வந்தவர் பெயர் நாச்சிமுத்து, மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பா, குரலிலேயே அதிகாரம் இருந்தது.

சங்கதி இதுதான். மன்னவனூர் சின்னச்சாமிக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் வீரம்மாளை உள்ளூரிலேயே மலைச்சாமி என்ற கிழங்குக்காரனுக்குக் கொடுத்திருந்தார். பிரசவத்தில் அவள் போய்விட்டாள், பிள்ளை பிழைத்துக்கொண்டது. அந்த ஆண் குழந்தையை இப்போது தங்கச்சி பொன்னுத்தாய்தான் இடுப்பில் வைத்துக்கொண்டு அலைகிறாள். பிள்ளையை வளர்க்கிறவளையே மலைச்சாமிக்குக் கட்டிவைத்துவிடலாம் என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் முடிவு செய்தார்கள். இதில் தப்புச் சொல்ல அந்த ஊரில் யாரும் இல்லை. பொன்னுத்தாயிடம் யாரும் கேட்கவில்லை, கேட்கிற வழக்கமும் இல்லை.

தாம்பூலம் மாற்றுகிற அன்றைக்கு அவள் விழுந்தாள். பரிசச் சேலையைக் கொண்டுவந்து வைத்த அன்றைக்கு மறுபடி விழுந்தாள். விழுந்தவள் வாயிலிருந்து, "நான் வீரம்மா வந்திருக்கேன்" என்று ஒரு வார்த்தை வந்தது. ஊர் இரண்டுபட்டது. செத்த அக்கா தங்கச்சி மேல் இறங்கி, என் புருஷனை அவளுக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறாள் என்றது பாதி ஊர். குட்டி நடிக்கிறாள் என்றது மாப்பிள்ளை வீட்டுப் பக்கம்.

"நீங்க வந்து மோக்க வையுங்க. துள்ளி எந்திரிச்சான்னா நடிப்பு. இந்த வெள்ளியே தாலியக் கட்டிருவோம். எந்திரிக்கலேன்னா வீரம்மாதான் வந்திருக்கா. அவ சம்மதம் இல்லாம நாங்க கட்ட மாட்டோம்" என்றார் நாச்சிமுத்து. "ரெண்டு வீட்டாரும் ஒத்துக்கிட்டோம். நீங்க சொல்றதுதான் முடிவு."

ஒரு கல்யாணத்தையே தன் கையில் தூக்கிக் கொடுக்கிறார்கள் என்பதில் கந்தம்மாளுக்குக் கொஞ்சம் பெருமைதான். லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பூம்பாறை தாண்டும் வரைக்கும் வெற்றிலையும் பேச்சுமாகவே போனாள்.

அவர்கள் போய் இறங்கியபோது பொன்னுத்தாய் காலையில் மூன்றாவது தடவையாக விழுந்து அப்படியே கிடந்தாள். வீட்டுக்குள் கல் பாவிய தரை. சுற்றிலும் ஆட்கள். தாய்க்காரி அழுதுகொண்டிருந்தாள். சின்னச்சாமி சுவரில் சாய்ந்து நின்றார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசல் நிலையருகே நின்றவன்தான் மலைச்சாமி என்று பக்கத்தில் ஒருத்தி சொன்னாள். முப்பது வயசுக்குள் இருக்கும், அதிகம் பேசாத ஆள். கந்தம்மாளுக்கு வெற்றிலைத் தட்டு வந்தது. அவள் நிதானமாகப் போட்டுக்கொண்டு பெண்ணருகில் உட்கார்ந்தாள்.

நெடியைக் காட்டுவதற்கு முன்னால் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாடி பார்க்கிறவள்போல விழுந்தவரின் கையைத் தூக்கி முகத்துக்கு நேரே விட்டுவிடுவாள். நிஜ மயக்கம் என்றால் கை பொத்தென்று மூக்கிலேயே விழும். நடிக்கிறவர் தன் மூக்கைத் தானே அடித்துக்கொள்ள மாட்டார், கை பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும். பொன்னுத்தாயின் கை பக்கவாட்டில் போனது.

சரி, முடிந்தது, கையைக் கசக்க வேண்டியதுதான் என்று சுருக்குப்பையை அவிழ்க்கப் போனவள், தலையை நிமிர்த்தி வைக்கலாம் என்று பெண்ணின் பிடரிக்கடியில் கை கொடுத்தாள். கை பிசுபிசுத்தது. முடிக்குள் ஒரு காயம். ஆறிக்கொண்டிருந்த இடத்திலேயே மறுபடி அடிபட்டு, அதன்மேல் அன்றைக்குக் காலையிலும் அடிபட்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை. பேய் பிடித்தவளின் தலைமுடிக்குள் யார் கைவிட்டுப் பார்ப்பார்கள்?

கந்தம்மாள் எத்தனையோ நடிப்பைப் பார்த்தவள். நடிக்கிறவர்கள் இடம் பார்த்துத்தான் விழுவார்கள். மெத்தை இல்லாவிட்டால் ஒரு சாக்காவது வேண்டும். ஈரமான இடத்தில் மயங்கிய நடிகனை அவள் கண்டதே இல்லை. இவள் மூன்று தடவையும் கல்லில் விழுந்திருக்கிறாள், காயத்தின் மேலேயே விழுந்திருக்கிறாள். மயக்கம் பொய். விழுந்தது பொய்யில்லை. இவளைத் துள்ளி எழ வைத்துவிட்டு வெள்ளிக்கிழமை தாலி கட்டினால், இவள் அடுத்த தடவை எங்கே போய் விழுவாள் என்று கந்தம்மாள் நினைத்துப் பார்த்தாள். மேல்மலையில் பள்ளத்துக்குக் குறைவில்லை. அவளுக்குப் பயம் வந்தது.

கூட்டம் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரி சுண்ணாம்பு டப்பியை நீட்டினாள்.

"வெத்தலச் சுண்ணாம்பு எச்சக் கை பட்டதாச்சே, இதுக்கு ஆகாது" என்றாள் கந்தம்மாள். எழுந்துபோய், இரண்டு மூன்று பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடித்த சுவரை நகத்தால் சுரண்டி உள்ளங்கையில் ஏந்தினாள்.

பார்க்கிறவர்களுக்கு அதுவும் சுண்ணாம்புதான். ஆனால் சுவரில் அடித்துக் காற்றில் காய்ந்து பழசான சுண்ணாம்பு செத்த சுண்ணாம்பு. காரமெல்லாம் போய் வெறும் கல்லாகியிருக்கும். நவச்சாரத்தை அதோடு சேர்த்து நாள்பூராக் கசக்கினாலும் நெடி என்பது பேருக்குக்கூட வராது. கந்தம்மாளுக்கு இது தெரியும். அங்கே இருந்தவர்களுக்குத் தெரியாது என்று அவள் நம்பினாள்.

நவச்சாரத்தைப் பொடித்துப் போட்டாள், தண்ணீர் தெளித்தாள், கட்டைவிரலால் அழுத்தி அழுத்திக் கசக்கினாள். முகத்தைக்கூடக் கொஞ்சம் சுளித்துக்கொண்டாள். பிறகு கையைக் குவித்துப் பெண்ணின் மூக்கில் வைத்தாள். பொன்னுத்தாய் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் அடக்க முடியும்? கடைசியில் இழுத்தாள். ஒன்றும் இல்லை. அவளுக்கே அது அதிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும், இமை துடித்தது. கந்தம்மாள் அது தெரியாதபடி மற்றக் கையை அவள் நெற்றிமேல் வைத்து மறைத்துக்கொண்டாள்.

"அசையல பாருங்க" என்றது கூட்டம். தாய்க்காரி, "ஏத்தா வீரம்மா!" என்று பெருங்குரலெடுத்தாள்.

நாச்சிமுத்து சாமானியத்தில் விடுகிற ஆளா? "இருங்க, இருங்க. அதுல நெடி இருக்கான்னு யாரு பாத்தா? ஏம்மா, இங்க காட்டு" என்று குனிந்து மூக்கை நீட்டினார்.

கையில் இருப்பதை அவர் முகர்ந்தால் எல்லாம் வெட்டவெளிச்சம். அவள் மானம் போவதோடு நிற்காது, அந்தப் பெண் நடித்ததும் வெளியே வந்து, அடியும் உதையுமாகத்தான் முடியும். ஆனால் வெற்றிலை போடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சுண்ணாம்பைக் கொஞ்சம் மிச்சமாகவே எடுத்து ஆள்காட்டி விரல் நுனியில் வைத்துக்கொண்டு, காரம் குறையும்போது நாக்கில் தடவிக்கொள்வார்கள். தட்டு வந்தபோது எடுத்த சுண்ணாம்பு அவள் வலக்கை விரல் நுனியில் இன்னும் ஈரமாக இருந்தது. நல்ல உயிருள்ள சுண்ணாம்பு. "காட்டாம என்ன, இந்தா இன்னும் கசக்கியே காட்டுறேன்" என்று சொல்லிக்கொண்டே அந்த விரலை உள்ளங்கையில் வைத்து நாலு தேய்ப்புத் தேய்த்து அவர் மூக்குக்கடியில் கொண்டுபோனாள்.

நாச்சிமுத்து பின்னால் நின்ற ஆள் மேலேயே போய் விழுந்தார். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீராகக் கொட்டியது. "யாத்தே, போதும், எடும்மா" என்று துண்டால் மூஞ்சியைப் பொத்திக்கொண்டார். அதற்குப் பிறகு சந்தேகப்பட அங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை. இவ்வளவு நெடிக்கும் அசையாதவள் பொன்னுத்தாயாக இருக்க முடியாது.

"எனக்குத் தெரிஞ்சது மயக்கம் மட்டுந்தான். இது மயக்கம் இல்ல. இனி நீங்க பாத்துக்கங்க" என்று கந்தம்மாள் கையைக் கழுவிக்கொண்டாள். அது பொய்யுமில்லை.

அப்போதுதான் மலைச்சாமி நிலையருகிலிருந்து உள்ளே வந்தான். குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டுப் பெண்ணுக்கு எதிரே, எட்ட உட்கார்ந்தான்.

"வீரம்மா" என்றான். "வந்திருக்கிறது நீதான்னா ஒண்ணு சொல்லிரு. ஒந்தங்கச்சிய நான் கட்டுறதுல ஒனக்குச் சம்மதம் இல்லயா?"

மூடிய கண்ணோடு, "இல்ல" என்றாள் பொன்னுத்தாய்.

"அப்ப நம்ம புள்ள?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை என்று கந்தம்மாளுக்குத் தெரிந்தது. மூடிய இமைக்கடியிலிருந்து கண்ணீர் காதுப் பக்கம் இறங்கியது.

"புள்ள அவகிட்டயே கெடக்கட்டும். அவ வளத்துருவா. அதுல ஒரு கொறையும் வைக்க மாட்டா. நீங்க வேற எடத்துல பொண்ணு பாத்துக்கங்க."

மலைச்சாமி தலையைக் குனிந்துகொண்டு அழுதான். ஆண்பிள்ளை அத்தனை பேர் முன்னால் அப்படி அழுது அந்த ஊர் பார்த்ததில்லை. சின்னச்சாமி வந்து அவன் தோளைத் தொட்டார். நாச்சிமுத்துவும் துண்டை எடுக்காமலே, "சரி, அவ சொல்லிட்டா. விடுங்கப்பா" என்றார். பரிசச் சேலை வந்த வழியே திரும்பிப்போனது. தாய்க்காரி காதில், "புள்ளைக்குத் தலையில அடிபட்டிருக்கு, மஞ்சப் பத்துப் போடுத்தா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கந்தம்மாள் கிளம்பினாள்.

லாரி நிற்கிற இடம்வரை கொண்டுவந்து விட மலைச்சாமிதான் கூட வந்தான். கிழங்குக் காட்டை ஒட்டிய தடம். பாதி வழியில் அவன்தான் பேச்சை ஆரம்பித்தான்.

"எங்க மண்ணு புளிச்ச மண்ணும்மா. சுண்ணாம்பு போட்டாத்தான் கெழங்கு எறங்கும். கூடவே இந்த அமோனியா உரமும் போடச் சொல்றாங்க. ரெண்டையும் ஒரே சோலியா வெரசா முடிச்சிரலாம்னு போன வருசம் கொட்டாய்க்குள்ள வச்சுக் கலந்தேன். மொத நாளு பழைய சுண்ணாம்பு, ரெண்டு மழ பாத்தது, கல்லாட்டம் ஆனது. ஒண்ணும் ஆகல. அந்தத் தைரியத்துல மறுநா புதுச் சுண்ணாம்பக் கொட்டிக் கலந்தேன். யாத்தே! கொட்டாய் பூரா நெடி, கண்ணு தெரியல, மாடெல்லாம் கட்டுத்தறியப் பிடுங்கிக்கிட்டு ஓடிருச்சு. உரத்துல இருந்த சத்தும் அதோட பறந்துருச்சுன்னு பெறகுதான் சொன்னாங்க."

கந்தம்மாள் நின்றுவிட்டாள்.

"நீங்க சுவத்தச் சுரண்டுனப்பவே தெரியும்" என்றான் அவன்.

"அப்பறம் ஏன்யா வாயத் தொறக்கல?"

"அவளுக்குப் புடிக்கலேன்னு எனக்கும் தோணிக்கிட்டேதாம்மா இருந்துச்சு. நேராக் கேட்டா அப்பன் முன்னால சொல்லுவாளா? நான் வேணாம்னு சொன்னாலும், பொண்ணுகிட்ட என்ன கொறயக் கண்டான்னு அவ பேருதான் கெடும். செத்தவ சொன்னா யாரும் குறுக்க பேச மாட்டாங்க. அதான் வீரம்மான்னு கூப்புட்டுக் கேட்டேன்."

கந்தம்மாளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அத்தனை பேரில் தான் ஒருத்திதான் நடித்ததாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"பலே ஆளுய்யா நீ. அப்ப அந்த அழுகையும் நடிப்புத்தானா?"

அவன் பாதையில் கிடந்த ஒரு கிழங்கை எடுத்து மண்ணைத் துடைத்துக் காட்டுக்குள் போட்டான்.

"அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் ஒரே கொரலும்மா. கண்ண மூடிக்கிட்டுக் கேட்டா வித்தியாசம் தெரியாது. பேசுறது வீரம்மா இல்லேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் 'இல்ல'ன்னு அவ சொன்னதும் என்னமோ ஆயிருச்சு. அந்த ஒரு கேள்வியோட நிறுத்தியிருக்கலாம், காரியம் முடிஞ்சது. அந்தக் கொரல இன்னொரு தடவ கேக்கணும்னுதான் புள்ளயப் பத்திக் கேட்டேன்."

லாரிக்காரன் ஆரன் அடித்தான். கந்தம்மாள் ஏறி உட்கார்ந்தாள். கொடைக்கானல் வந்து சேரும்வரை அவள் வெற்றிலை போடவுமில்லை, டிரைவரிடம் ஒரு வார்த்தை பேசவுமில்லை. அதற்குப் பிறகும் பல வருஷங்கள் பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தவர்களையெல்லாம் தெளிவித்துக்கொண்டுதான் இருந்தாள். யாராவது துள்ளி எழுந்து ஓடினால் முன்போல 'நடிப்பு!' என்று சொல்லாமல், கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாள்.